பாம்பு ஆண்டின் முதற் காலடி

அன்றைக்கு யோகமலருக்குப் பின்னேர ஷிஃப்ற். ஆறுதலாக எழும்பியிருக்கலாம். ஆனாலும் ஐந்தரைக்கே எழும்பிவிட்டாள். தேத்தண்ணி வைக்கவில்லை, ரேடியோ போடவில்லை. சத்தம் கேட்கக்கூடாது என்று செருப்பையும் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம், லானின் வீட்டில், வியட்நாம் புதுவருடம் பிறந்திருந்தது. ஒன்பது மணி தாண்டும்வரை தன் கதவைத் திறப்பதில்லை என்று அவள் முதல்நாளே முடிவு செய்திருந்தாள்.

சென் ஜேம்ஸ் ரவுணில் அந்தக் கட்டடத்தின் பதினான்காம் மாடிக்கு யோகமலர் வந்தது தொண்ணூற்றாறில், கல்யாணமாகி நாலாம் மாதம். கூட வந்திறங்கிய சனங்கள் ஒவ்வொன்றாக வீடு வாங்கிக்கொண்டு மில்லிக்கன் பக்கம் போய்விட்டார்கள். அவளுடைய கணவர் சச்சிதானந்தனுக்குக் கார் ஓடுவது பயம். சப்வேக்கு நடந்து போகிற தூரத்தை விட்டு அவர் அசையவில்லை. அவர் மாரடைப்பில் போய் ஆறு வருடமாகிவிட்ட பிறகும் அவளும் மகள் அட்சயாவும் அதே வீட்டில்தான் இருந்தார்கள். யோகமலர் ஒரு முதியோர் இல்லத்தில் பி.எஸ்.டபிள்யூ என்கிற பராமரிப்பு வேலை செய்தாள். குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, படுக்கைப் புண்ணுக்கு மருந்து போடுவது.

லான் அவளுக்கு முன்பே அந்த மாடியில் இருந்தவள். பதினேழு வயதில் படகேறித் தப்பி வந்தவள். அந்தப் பயணத்தைப் பற்றி ஒருநாளும் கதைப்பதில்லை. இருவரையும் சேர்த்துவைத்தது வாழையிலை. தமிழ்க் கடையில் ஐஸில் உறைந்த வாழையிலைக் கட்டை யோகமலர் தூக்கிக்கொண்டு வர, எலிவேற்றருக்குள் நின்ற லான் அதைக் காட்டி எங்கே வாங்கினாய் என்று கேட்டாள். அந்த வருடத்திலிருந்து, தை பிறந்து கொஞ்ச நாளில் வருகிற தெத் என்கிற வியட்நாம் புதுவருடத்துக்கு இருவரும் நிலத்தில் பாய் விரித்து இருந்து பான் சுங் கட்டுவார்கள். பசையரிசியும் பயறும் பன்றியிறைச்சியும் வைத்து, இலையால் சதுரமாக மடித்துக் கட்டி, பன்னிரண்டு மணித்தியாலம் அவிக்கிற சோற்றுக் கட்டி அது. பன்றி தின்னாத யோகமலருக்காக வெறும் பயறு வைத்துச் சின்னதாக இரண்டு கட்டுவாள் லான். இருவருக்கும் பொதுவாக இருந்தது ஆளுக்கு அரைகுறை ஆங்கிலம். யோகமலர் அவளை அக்கா என்பாள். லான் இவளை எம் என்பாள். அவர்களுடைய பாஷையில் வயதில் இளைய சகோதரத்தைக் கூப்பிடுகிற சொல்.

இந்த வருடம் இலை மடிக்கும்போது லான் ஒரு விஷயம் சொன்னாள்.

"எம், புதுவருஷம் காலமை பாவோ வருவார். என்ர பெரியப்பாவின்ர மகன். அவர்தான் முதல் ஆள். அவர் வரும்வரைக்கும் ஒருத்தரும் வாசலுக்குள்ள கால் வைக்கக்கூடாது."

"ஏன் அக்கா?"

"முதல் வாற ஆள் எப்பிடியோ, வருஷம் அப்பிடி. அவருக்கு நாலு பிள்ளை. மனுசி நல்ல சுகம். பிறந்த வருஷமும் இந்த வருஷத்துக்குப் பொருத்தம். ரெண்டு மாசம் முதலே சொல்லி வைச்சிட்டன்."

மற்ற வருடங்களில் லான் இவ்வளவு கண்டிப்பு இல்லை. இந்த முறை அவளுடைய மகள் துய் வயிற்றோடு இருந்தாள். கல்யாணமாகி ஏழாம் வருடத்தில் தங்கிய பிள்ளை, முப்பத்திரண்டு கிழமை. லானோடுதான் அவளும் கணவன் குவாங்கும் இருந்தார்கள். விமான நிலையத்தில் இரவு வேலை செய்யும் குவாங்குக்கே அன்று நேரே வீட்டுக்கு வர அனுமதி இல்லை. மில்லிக்கனுக்குப் போய்ப் பாவோவை ஏற்றிக்கொண்டு, அவருக்குப் பின்னால்தான் உள்ளே வரவேண்டும்.

லான் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். யோகமலரின் கை இலையில் அப்படியே நின்றுவிட்டது. லான் சொல்லாத ஒரு பகுதியும் அவளுக்கு விளங்கியது.

மூன்று வருடத்துக்கு முன் வெக்ஸ்போர்ட்டில் தமக்கையின் மகள் நிலாணிக்கு பேபி ஷவர் நடந்தது. எல்லோரும் போட்டார்கள் என்று யோகமலரும் நிலாணியின் கையில் ஒரு சோடி வளையல் போட்டுவிட்டாள். பத்தாம் நாள் நிலாணியின் வயிற்றில் பிள்ளை அசையாமல் போயிற்று. யாரும் இவளிடம் நேரே ஒன்றும் சொல்லவில்லை. நிலாணியின் மாமியார் யாருக்கோ தொலைபேசியில் சொன்னது சுற்றிச் சுற்றி வந்து சேர்ந்தது: "புருஷன் இல்லாதவ, தெரிஞ்சும் ஏன் முன்னுக்கு வந்தவ?" அன்றிலிருந்து யோகமலர் கலியாண வீடுகளில் குசினியோடு நின்றுகொள்வாள். பிறகு போவதையே விட்டுவிட்டாள். அந்த மாமியார் பொல்லாதவள் என்று கோபிக்க அவளால் முடியவில்லை. அவள் சொன்னது உண்மையாக இருந்துவிட்டால் என்கிற பயம்தான் மூன்று வருடமாக நெஞ்சுக்குள் கிடந்தது.

ஆகவேதான் அன்று காலை வெறுங்காலோடு நடந்தாள்.

ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருக்க, சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ விழுந்தது. கனமான சத்தம். அதன் பிறகு துய்யின் குரல்: "மா..." ஒரே ஒரு தரம், நீளமாக.

யோகமலர் ஓடிப்போய்க் கதவுச் சங்கிலியில் கை வைத்தாள். வைத்தவள் அப்படியே நின்றாள். பாத்திரம் விழுந்ததாக இருக்கலாம். லான் இருக்கிறாள்தானே. தான் போய் நிற்க, ஒன்றுமில்லை என்றால்? ஒன்றுமில்லாத இடத்தில் தன் காலே ஒன்றைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால்? சங்கிலி குளிர்ந்தது. இரண்டு நிமிடமாக இருக்கலாம், ஐந்தாகவும் இருக்கலாம். அவள் நின்ற நேரம் எவ்வளவு என்று பிறகு ஒருநாளும் அவளால் சொல்ல முடிந்ததில்லை. அட்சயா அறைக்குள் ஆழ்ந்த நித்திரை.

பிறகு சுவரில் கையால் அடித்தார்கள். "எம்! எம் மலர்!"

கதவைத் திறந்தாள். பக்கத்து வாசலில் லான் நின்றாள். புதுவருடத்துக்கென்று தைத்த சிவப்புச் சட்டை. வலது கை மணிக்கட்டு வரை இரத்தம்.

"துய். ரத்தம். நிக்குதில்லை."

யோகமலர் வாசற்படிக்கு வெளியே, கொரிடோர் காப்பெற்றில் நின்றபடி சொன்னாள். "அக்கா, நான் அம்புலன்சுக்கு அடிக்கிறன். இஞ்ச நிண்டே என்ன செய்யிறது எண்டு சொல்லுறன். நீங்கள் செய்யுங்கோ."

"உள்ள வா."

"அவர் இன்னும் வரேல்லை. நான் வரக்கூடாது."

லான் அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையை யோகமலர் மறக்கமாட்டாள். இவள் சொன்னது லானுக்கு விளங்கியது. விளங்கி, ஒரு கணம் அவளும் தயங்கினாள். உள்ளே துய் முனகினாள். லான் இவளுடைய சுவெற்றரை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து ஒரே இழுப்பில் உள்ளே இழுத்தாள். வலது கால் முன்னே போயிற்றா இடது கால் போயிற்றா என்பதுகூட யோகமலருக்குத் தெரியவில்லை.

உள்ளே போனதும் கை தன் வேலையைப் பார்த்தது. துய் குளியலறை வாசலில் கிடந்தாள். உதடு வெளுத்திருந்தது. இடது பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்து, கால்களுக்குக் கீழே குஷன் கொடுத்து, துவாய்களை எடுத்து வைத்தாள். அவசர இலக்கத்தை அழைத்து ஃபோனை நிலத்தில் வைத்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். எத்தனை துவாய் நனைந்தது என்று அவர்கள் கேட்டார்கள். மூன்று என்றாள். சொல்லிக்கொண்டிருக்க நாலாவதை எடுத்தாள். துய்யின் வயிறு பலகை மாதிரி இறுகிக் கிடந்தது.

"அன்ரி, பிள்ளை அசையேல்லை," என்றாள் துய் ஆங்கிலத்தில்.

நிலாணி அன்றைக்குச் சொன்னதும் இதே சொற்கள்தான். யோகமலர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

அம்புலன்ஸ்காரர் வந்தபோது ஒரு எலிவேற்றர்தான் வேலை செய்தது. அட்சயா எழும்பி ஓடிவந்து அதன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். துய்யை ஏற்றினார்கள். லானும் கூடப் போனாள். போகும்போது வீட்டுத் திறப்பை யோகமலரின் கையில் திணித்தாள்.

"ஊதுபத்தி அணையக்கூடாது. கூட்டாதே. ஒண்டையும் வெளியில கொட்டாதே. மூண்டு நாளைக்கு." பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். எலிவேற்றர் மூடிக்கொண்டது.

அட்சயா வேலைக்கு ஆயத்தமாகப் போனாள். யோகமலர் அந்த வீட்டில் தனியே நின்றாள்.

சுவரோரம் முன்னோர் பீடம். லானின் கணவர், தாய், தகப்பன் மூவரும் படங்களில். முன்னால் தட்டில் ஐந்து வகைப் பழம், பான் சுங், சின்னக் கிண்ணங்களில் தேத்தண்ணி. மூன்று ஊதுபத்தி பாதிக்கு வந்திருந்தது. புதிதாக மூன்று கொளுத்தி நட்டாள். நடும்போது ஒன்று முறிந்தது. முறிந்ததை எங்கே போடுவது என்று தெரியவில்லை. வெளியே கொட்டக்கூடாது என்றாளே. சுவெற்றர் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

குளியலறை வாசலில் இரத்தம் காயத் தொடங்கியிருந்தது. தும்புத்தடியை லான் முதல்நாளே அலுமாரிக்குள் ஒளித்துவைத்திருந்தாள். புதுவருட நாளில் கூட்டினால் வீட்டு அதிர்ஷ்டமும் குப்பையோடு போய்விடும் என்பார்கள். இரத்தத்தை அப்படியே விடவும் முடியாது. குவாங் வந்து அதைப் பார்க்கக்கூடாது. கையுறை மாட்டி, துணியால் ஒற்றி ஒற்றி எடுத்து, வாளிக்குள் பிழிந்தாள். அந்தத் தண்ணீரை ஊற்றவில்லை. வாளியைக் குளியல் தொட்டிக்குள் வைத்து, மேலே ஒரு தட்டால் மூடினாள். நனைந்த துவாய்களையும் பையில் கட்டிப் பக்கத்தில் வைத்தாள். தெரியாத சட்டமாக இருந்தாலும் ஒரு எழுத்துக்கூடப் பிசகக்கூடாது என்று இருந்தது அவளுக்கு.

ஒன்பது மணிக்குக் கதவு தட்டுப்பட்டது.

கோட்டுச் சூட்டோடு, தோளில் பனித் தூளோடு, அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு மனிதர். ஒரு கையில் தோடம்பழப் பை, மறு கையில் சிவப்பு உறைகள். குவாங்குக்காகக் காத்திருந்து, அவன் வராததால் தானே கார் ஓட்டி வந்திருக்கிறார். பாவோ.

"லான் எங்கே?"

"ஹொஸ்பிற்றல். துய்க்கு ரத்தம் போகுது. குவாங்கும் நேரே அங்க போயிருப்பார்."

அவர் நிலத்தைப் பார்த்தார். ஈரம் தெரிந்தது. பிறகு இவளைப் பார்த்தார்.

"நீங்கள்?"

"பக்கத்து வீடு."

"நீங்களோ முதல் வந்தது?"

"ஓம்."

"எந்த வருஷம் பிறந்தனீங்கள்?"

"எழுபத்தொண்டு."

அவர் பெருவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டு எண்ணினார். எண்ணி முடிந்ததும் அவருடைய முகம் மாறியது. "பன்றி வருஷம்," என்றார் மெதுவாக. ஏசுவதுபோல அல்ல, நோய்ப் பெயரைச் சொல்கிற டொக்டர் மாதிரி. "இது பாம்பு வருஷம். பாம்புக்கு நேரெதிர் பன்றி."

தன் ஊர்க் கணக்கில் தான் ஆகாதவள் என்பது யோகமலருக்குத் தெரியும். முன்பின் தெரியாத இன்னொரு கணக்கிலும் அப்படியே வந்து நிற்பாள் என்று அவள் நினைத்திருக்கவில்லை. அவர் கேட்காததையும் சேர்த்துச் சொன்னாள்: "எனக்கு அவரும் இல்லை. ஆறு வருஷம்."

பாவோ தோடம்பழப் பையை நிலத்தில் வைத்தார். வாசற்படியைத் தாண்டவில்லை. பீடத்தின் பக்கம் பார்த்து, வெளியில் நின்றபடியே மூன்று தரம் குனிந்தார். பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். எலிவேற்றர் பட்டனை அவர் திரும்பத் திரும்ப அமத்துகிற சத்தம் கேட்டது.

மத்தியானம் லானிடமிருந்து அட்சயாவின் ஃபோனுக்குச் செய்தி வந்தது. வயிற்றை வெட்டி எடுத்திருக்கிறார்கள். பெண் குழந்தை. ஒரு கிலோ அறுநூறு கிராம். மூச்சுக்கு மெஷின். துய்க்கு இரத்தம் ஏற்றுகிறார்கள்.

"அம்மா, ரெண்டு பேரும் உயிரோட இருக்கினம்," என்று வேலையிலிருந்து ஃபோனில் சொன்னாள் அட்சயா. "லேற் ஆகியிருந்தா இல்லையாம். டொக்டர் சொன்னவராம். யூ சேவ்ட் தெம்."

"இன்னும் மெஷினிலதானே இருக்கு."

"அம்மா, சீரியஸ்லி?"

மகளுக்குச் சொல்லாதது இன்னொன்று இருந்தது. சங்கிலியில் கை வைத்து நின்ற நேரம். உள்ளே போனது பிழையென்றால் தன் காலால் கெட்டது. போகாமல் நின்றது பிழையென்றால் தன் பயத்தால் கெட்டது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள்தான் நின்றாள்.

அதன் பிறகு அவள் லானுக்கு முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் முடியும்வரை லான் ஆஸ்பத்திரியில் இருக்கிற நேரம் பார்த்துப் போய் ஊதுபத்தி கொளுத்தினாள். நாலாம் நாள் வாளியை ஊற்றிக் கழுவி, திறப்பைக் கடித உறைக்குள் போட்டுக் கதவுக்குக் கீழால் தள்ளினாள். வேலைக்குப் போகும்போது கதவுத் துவாரத்தால் கொரிடோரைப் பார்த்து, ஆளில்லை என்றால் மட்டும் வெளியேறினாள். எலிவேற்றரில் லானைச் சந்திக்கலாம் என்று பதினான்கு மாடியும் படியால் இறங்கினாள். இரவில் சுவரில் காதை வைத்துக் கேட்பாள். அழுகைச் சத்தம் வருகிறதா? இல்லை. அழுகை வராததும் பயமாக இருந்தது. முதியோர் இல்லத்தில் ஒரு கிழவி இவள் குளிப்பாட்டிவிட்ட அன்று பின்னேரம் இறந்துபோக, தொண்ணூற்றெட்டு வயது என்பதையும் மறந்து, கழிவறையில் போயிருந்து நடுங்கினாள்.

பன்னிரண்டாம் நாள் கதவு தட்டுப்பட்டது. துவாரத்தால் பார்த்தாள். லான். யோகமலர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். லான் திரும்பவும் தட்டினாள். பிறகு கொரிடோர் நிலத்தில், கதவில் முதுகு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். கால் மணித்தியாலம் அப்படியே. அறுபத்தொரு வயதுக்காரி, பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரிக் கதிரையில் இருந்தவள், நிலத்தில் இருக்கிறாளே என்று யோகமலருக்குத் தாங்கவில்லை. கதவைத் திறந்தாள்.

"பிள்ளை?"

"இருக்கு. மெஷின் கழட்டியாச்சு. நேற்று திரும்பவும் மூச்சு விட மறந்துபோச்சு. தட்டி எழுப்பினவை." லான் எழும்பி உள்ளே வந்து கதிரையில் இருந்தாள். "நீ ஏன் ஒளிச்சுத் திரியிறாய்?"

யோகமலர் எல்லாவற்றையும் சொன்னாள். நிலாணி, வளையல், மாமியார், சங்கிலி, பாவோ எண்ணிய விரல். சொல் போதாத இடத்தில் தமிழ் வந்தது. 

"பாவோ எனக்கும் சொன்னவர்," என்றாள் லான் கடைசியில். "பொய் சொல்ல மாட்டன், எம். முதல் நாள் எனக்கு உன்னில கோபம். உன்னை இழுத்தது நான். அதால என்னிலயும் கோபம். நித்திரையே இல்லை. பன்சலைக்கு, எங்கட புத்த கோயிலுக்குப் போய்ப் பிக்குணியைக் கேட்டன்."

"என்ன சொன்னவ?"

"பிள்ளை பிழைக்குமோ எண்டு தனக்குத் தெரியாதாம். உன்னைப் பற்றி ஒண்டு கேட்டவ. எனக்குப் பதில் தெரியேல்லை. அதுக்குத்தான் வந்தனான். உன்ர துக்கம் எப்ப முடிஞ்சது?"

யோகமலருக்குக் கேள்வி விளங்கவில்லை. "அவர் போய் ஆறு வருஷம்."

"அது தெரியும். துக்கம் முடிச்சது எப்ப?" லான் நெற்றியைச் சுற்றி விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினாள். "என்ர மனுசன் செத்தபோது நானும் வெள்ளைத் துணி கட்டினனான். அந்தத் துக்கத்துக்க ஒருத்தற்ற வீட்டுக்கும் புதுவருஷத்துக்குப் போகக்கூடாது. இருபத்தேழு மாசம். பிறகு ஒரு நாள் பாத்து, அந்தத் துணியை எரிச்சு, சாப்பாடு குடுத்து முடிக்கிறது. அதுக்குப் பிறகு நானும் எல்லாரையும் மாதிரித்தான். உங்களிட்ட அந்த நாள் எது?"

யோகமலர் யோசித்தாள். எட்டு, முப்பத்தொன்று, ஆட்டைத் திவசம். எல்லாம் அவருக்காகச் செய்தது. அவருடைய ஆத்மா எப்போது எங்கே போய்ச் சேரும் என்பதற்குக் கணக்கு இருந்தது. தனக்கு ஒரு நாள் குறித்து, இன்றோடு நீ எல்லோரையும் போல என்று யாரும் சொன்னதாக நினைவில்லை.

"அப்பிடி ஒண்டு இல்லை, அக்கா."

"இல்லையோ?" லான் அவளை நம்பாமல் பார்த்தாள். "சாகும்வரைக்குமோ?"

யோகமலர்  கை இரண்டையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் பயம்தான்," என்றாள் லான். "பன்றி எண்டது எனக்கும் பயம். இந்த வருஷம் முடியும்வரைக்கும் பயந்துகொண்டுதான் இருப்பன். ஆனா நீ அண்டைக்கு வந்திராட்டி, பயப்பிடுறதுக்கும் எனக்கு ஒண்டும் மிஞ்சியிராது. துய் உன்னைக் கேக்கிறாள். கோட்டைப் போடு."

ஆஸ்பத்திரியில் முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவச் சொன்னார்கள். யோகமலர் இரண்டு தரம் கழுவினாள். கண்ணாடிப் பெட்டிக்குள் குழந்தை கிடந்தது. ஒரு கைப்பிடி அளவு, மூக்கில் குழாய், நெஞ்சில் வயர்கள். பக்கத்தில் சக்கரக் கதிரையில் துய். அவள் எழும்ப முயன்று, முடியாமல், யோகமலரின் கையைப் பிடித்தாள்.

"தொடுங்கோ அன்ரி."

"வேண்டாம் பிள்ளை. நான் பாத்தாலே காணும்."

"தொடுங்கோ."

நேர்ஸ் பெட்டியின் வட்டக் கதவைத் திறந்தாள். யோகமலர் சுண்டுவிரலை மட்டும் உள்ளே விட்டு, குழந்தையின் உள்ளங்காலைத் தொட்டாள். அந்த நிமிடமே நெஞ்சுத் துடிப்பைக் காட்டுகிற மெஷின் அலறத் தொடங்கியது. சிவப்பு லைற் விட்டு விட்டு எரிந்தது. யோகமலர் கையைப் பறித்துக்கொண்டு சுவரோடு போய் ஒட்டினாள்.  முடிந்தது, கொன்றுவிட்டேன் என்று தமிழில் வாய்விட்டே சொன்னாள்.

நேர்ஸ் அவசரப்படாமல் வந்து, குழந்தையின் காலில் கழன்று கிடந்த ஒரு வயரை எடுத்துத் திரும்ப ஒட்டினாள். சத்தம் நின்றது. "எந்த நாளும் கழட்டுறா. உதைச்சு உதைச்சு," என்றுவிட்டுப் போனாள்.

லானும் வெளுத்துப்போய் நின்றாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யோகமலர் வெளியே போய்விடலாம் என்று கதவைப் பார்த்தாள். பிறகு ஒரு கதிரையை இழுத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டு இருந்தாள். திரும்பக் கையை உள்ளே விட அவளுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

பங்குனி முதற்கிழமை குழந்தை வீட்டுக்கு வந்தது. பிறகு நடந்த விருந்துக்குப் பாவோவும் வந்தார். யோகமலரைக் கண்டதும் தலையைக் குனிந்தார். ஆனால் அவளுக்குப் பக்கத்தில் இருக்கவில்லை. அவள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. இப்போதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளை அழுதால் அட்சயாவுக்கு நித்திரை குழம்புகிறது. யோகமலருக்கு, அழாமல் இருந்தால்தான் குழம்புகிறது. அப்போது எழும்பி, செருப்பைப் போட்டுக்கொண்டு, பக்கத்துக் கதவைத் தட்டிக் கேட்டுவிட்டு வருகிறாள்.